வரைபடத்தில் இல்லாத பட்டறைகள்

நட்சத்திரப் போர்களின் வரலாறு – பகுதி 11

ஜெடாய்களின் ஆவணக் காப்பகத்தில் ஒரு கிரகத்தைக் காணவில்லை. கமினோ என்று பெயர் சொல்லித் தேடுகிறார் ஓபி-வான் கெனோபி. வரைபடத்தில் அந்த இடம் வெறும் இருட்டு. சுற்றியுள்ள விண்மீன்கள் ஒரு புள்ளியை நோக்கி இழுபடுவது ஈர்ப்புக் கணக்கில் தெரிகிறது. இழுப்பது எது என்பதுதான் பதிவில் இல்லை. தன் ஆவணங்களில் இல்லாத ஒன்று எங்குமே இல்லை என்று அடித்துச் சொல்லிவிடுகிறார் காப்பகத் தலைவி ஜோகாஸ்டா நூ. ஓபி-வான் யோடாவைத் தேடிப் போகிறார். யோடா அப்போது குழந்தைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். வகுப்பில் இருந்த ஒரு சிறுவன்தான் புதிரை அவிழ்க்கிறான்: யாரோ அந்தப் பதிவை அழித்திருக்கிறார்கள்.

2002-ல் வந்த ‘அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ்’ படத்தின் காட்சி இது. அழித்தவர் முன்னாள் ஜெடாய் கவுன்ட் டூகு என்பதை இருபது ஆண்டு கழித்து ‘டேல்ஸ் ஆஃப் த ஜெடாய்’ தொடர் கண்ணெதிரே காட்டியது. இந்தத் தொடரில் இதுவரை அரியணைகளையும் போர்க்களங்களையும் பார்த்துவந்தோம். இந்த வாரம் அவற்றுக்குப் பின்னால் இருந்த பட்டறைகளுக்குள் போகலாம். பேரரசின் போர்க்கப்பல்கள் எல்லோரும் பார்ப்பதற்காகக் கட்டப்பட்டவை. இரகசிய நிலையங்களோ யாரும் பார்க்கக்கூடாது என்று கட்டப்பட்டவை. இந்த இரண்டாம் வகைக் கட்டடங்களின் கதையைத் தொடர்ந்து படித்துவந்தால் ஒன்று தெளிவாகும். எதிரியின் உளவாளிகள் வெளியிலிருந்து திருடியதைவிட, உள்ளே வேலை பார்த்தவர்கள் வெளியே கொண்டுவந்ததுதான் அதிகம். விண்மீன் மண்டலத்தின் தலையெழுத்தை மாற்றியதும் அதுதான்.

முதலில் கமினோ. ஓயாத மழை, கரையே இல்லாத கடல், அதன் மேல் தூண்களில் நிற்கும் டிபோகா நகரம். ஓபி-வான் அங்கே போய்ச் சேரும்போது பிரதமர் லாமா சூ அவரை வாடிக்கையாளராக எண்ணி வரவேற்கிறார். சைஃபோ-டயாஸ் என்ற ஜெடாயின் பெயரில் பத்தாண்டுக்கு முன் கொடுக்கப்பட்ட ஆர்டர் அது. 2,00,000 வீரர்கள் தயார், இன்னும் 10 லட்சம் பேர் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று கணக்குச் சொல்கிறார். எல்லோரும் ஜாங்கோ ஃபெட் என்ற ஒரே மனிதனின் நகல்கள். இயல்பைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வளர்க்கப்பட்டவர்கள். குடியரசைக் காக்கப் படை கிடைத்தது என்று ஜெடாய்கள் நிம்மதியடைந்தார்கள். பதிவை அழித்தது யார், பணம் கொடுத்தது யார் என்ற கேள்விகளைப் போர் விழுங்கிவிட்டது. என் கணிப்பில் ஜெடாய்களின் பெரிய தவறு இதுதான். களத்தில் தோற்றதைவிட இந்த விசாரணையைப் பாதியில் விட்டதற்குத்தான் அவர்கள் அதிக விலை கொடுத்தார்கள்.

அந்த விசாரணையைக் கையில் எடுத்தவன் ஒரு சாதாரண க்ளோன் வீரன். ‘த க்ளோன் வார்ஸ்’ தொடரின் ஆறாவது பருவத்தில், 2014-ல், ஃபைவ்ஸ் என்ற வீரனின் கதை வருகிறது. தோழன் டப் திடீரென ஒரு ஜெடாயைச் சுட்டுக்கொன்றது ஏன் என்று தேடப்போன ஃபைவ்ஸ், எல்லா க்ளோன்களின் மூளைக்குள்ளும் ஒரு சில்லு வைக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடிக்கிறான். கமினோவின் தலைமை மருத்துவ விஞ்ஞானி நாலா சே அதை மறைக்கப் பார்க்கிறார். தலைநகர் கோரஸன்ட்டுக்கு ஓடிவந்து, தன் தளபதி ரெக்ஸையும் ஜெடாய் அனகினையும் சந்தித்து உண்மையைச் சொல்ல முயலும் ஃபைவ்ஸைச் சுட்டு வீழ்த்துவது இன்னொரு க்ளோன். சொல்லவந்தது சொல்லி முடியவில்லை. சில காலத்துக்குள் அந்தச் சில்லைத் தூண்டும் ஆணை 66 பிறப்பிக்கப்பட்டு, ஜெடாய்கள் தங்கள் படையாலேயே கொல்லப்பட்டார்கள்.

கமினோவுக்கும் அதே கூலிதான் கிடைத்தது. பேரரசு நிலைபெற்றதும் க்ளோன்களின் தேவை தீர்ந்தது. சொந்தப் படைப்பட்டறையையே கடலுக்குள் தள்ள பேரரசின் ஆளுநர் டார்கின் உத்தரவிட, குடியரசு காலத்துக் கப்பல்களே வானில் நின்று டிபோகா நகரத்தைச் சுட்டுத் தகர்த்தன. 2021-ல் வந்த ‘த பேட் பேட்ச்’ முதல் பருவத்தின் இறுதி இது. விஞ்ஞானிகளை மட்டும் பேரரசு விட்டுவைத்தது. அவர்களுடைய அறிவு இன்னும் வேண்டியிருந்தது. நாலா சே வேலண்ட் கிரகத்தில் டான்டிஸ் மலையின் வயிற்றுக்குள் இருந்த ஆய்வகத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்த மலைக்குள் க்ளோன்கள் சோதனைப் பொருளாக்கப்பட்டார்கள். ஃபோர்ஸ் ஆற்றல் கொண்ட குழந்தைகள் பெட்டகம் போன்ற அறையில் அடைக்கப்பட்டார்கள். 2024-ல் வந்த கடைசி அத்தியாயத்தில் ஒமேகா என்ற சிறுமி அந்தக் குழந்தைகளை வெளியே அழைத்துப் போகிறாள். நாலா சே ஆய்வுத் தரவுகளை அழிக்கப் போகிறார். தடுக்க வந்தவனோடு தானும் சேர்ந்து வெடித்துச் சாகிறார். ஃபைவ்ஸின் வாயை அடைக்கப் பார்த்த அதே நாலா சே. இந்தத் தொடரை எழுதியவர்கள் அவரை நல்லவராக்கிக் காட்ட அவசரப்படவில்லை. அதனால்தான் அந்த முடிவு நம்பும்படி இருக்கிறது.

*

கமினோ படைவீரர்களைச் செய்த இடம் என்றால், ஜியோனோசிஸ் ஆயுதம் செய்த இடம். பூச்சியினம் வாழும் செம்மண் கிரகம். க்ளோன் போர் தொடங்கிய நாளிலேயே, ஜியோனோசிஸின் தலைவர் போகில் ஒரு வரைபடத்தை டூகுவிடம் ஒப்படைக்கிறார். அந்தரத்தில் சுழலும் உருண்டை. மேற்பாதியில் கிண்ணம்போல ஒரு குழிவு. ஜெடாய்கள் கையில் கிடைத்துவிடக்கூடாது என்று டூகு அதை எடுத்துக்கொண்டு தன் குரு சிடியஸிடம் போகிறார். மூன்று ஆண்டுப் போர் முடிந்து, 2005-ல் வந்த ‘ரிவெஞ்ச் ஆஃப் த சித்’ படத்தின் இறுதியில் அந்த உருண்டையின் எலும்புக்கூடு எழும்பி நிற்பதை, பேரரசராகிவிட்ட சிடியஸ் என்கிற பால்பட்டீனும் அவர் சீடர் வேடரும் டார்கினும் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்க்கிறார்கள். டெத் ஸ்டார் கட்டப்பட்டது ஜியோனோசிஸின் மேல்வானில்தான். கட்டுமானத்தின் தொடக்கத்தில் உழைத்தவர்கள் ஜியோனோசிஸ்காரர்கள்.

அவர்களுக்கு என்ன ஆனது என்பதை 2017 ஜனவரியில் ‘ஸ்டார் வார்ஸ் ரெபல்ஸ்’ தொடர் சொன்னது. உருண்டை வேறிடத்துக்கு நகர்த்தப்பட்ட பின் கிளர்ச்சிக்காரர்கள் அங்கே இறங்குகிறார்கள். கிரகமே வெறிச்சோடிக் கிடக்கிறது. நிலத்தடிக் குகைகளில் நச்சுவாயுக் குப்பிகள். ஓர் இனம் முழுவதையும் பேரரசு கொன்றுவிட்டிருந்தது. மிஞ்சியவன் ஒருவன்தான், கூடவே அவன் பத்திரமாகக் காத்துவைத்திருந்த ஓர் அரசி முட்டை. இவர்கள் அவனுக்கு க்ளிக்-க்ளாக் என்று பெயர் வைக்கிறார்கள். அவன் பேச்சு யாருக்கும் புரியவில்லை. மண்ணில் ஒரு பெரிய வட்டம் வரைகிறான், அதற்குள் ஒரு சின்ன வட்டம். முட்டையைத்தான் சொல்கிறான் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். டெத் ஸ்டாரின் தோற்றத்தை அறிந்த பார்வையாளருக்கோ அந்தப் படம் நெஞ்சில் குத்துகிறது. விண்மீன் மண்டலத்தின் மிகப் பெரிய இரகசியம் மண்ணில் வரையப்பட்டுக் கிடக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

*

இப்போது பார்ப்பதற்காகக் கட்டப்பட்டவற்றுக்கு வருவோம். பேரரசின் போர்க்கப்பலான ஸ்டார் டெஸ்ட்ராயரின் நீளம் 1,600 மீட்டர். ஆப்பு வடிவம், மேலே கோபுரம், உள்ளே சுமார் 37,000 பேர், 72 டை போர்விமானங்கள். அந்தச் சிறு விமானங்களில் பாதுகாப்புக் கேடயம் கிடையாது. ஒளிவேகத்தைத் தாண்டிப் பாயும் ஹைப்பர் டிரைவ் எந்திரமும் கிடையாது. விமானி தப்பியோட நினைத்தாலும் தாய்க்கப்பலை விட்டால் அவனுக்குப் போக்கிடம் இல்லை. பேரரசு தன் ஆட்களை எப்படி மதித்தது என்பதை இந்த ஒரு பொறியியல் முடிவே காட்டிக்கொடுக்கிறது. ஒரு கிரகத்தின் வானில் இந்தக் கப்பல் வந்து நின்றாலே போதும், சுடவே வேண்டாம். அந்த ஆப்பின் நிழல் விழுந்த ஊரில் வரி ஒழுங்காக வந்துசேரும்.

அந்த அச்சத்தை நமக்குள் முதன்முதலில் விதைத்தது 1977 மே 25 அன்று வெளியான முதல் படத்தின் தொடக்கக் காட்சி. இளவரசி லேயாவின் சிறிய கப்பல் டான்டிவ் ஃபோர் பாய்ந்து போகிறது. பின்னால் தலைக்கு மேலே ஸ்டார் டெஸ்ட்ராயர் வருகிறது, வருகிறது, முடியாமல் வந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கப்பல் பிறந்த பட்டறையும் வெளியே தெரியாத இடம்தான். 1975-ல் ஜார்ஜ் லூகாஸ் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் கலிபோர்னியாவின் வான் நைஸ் பகுதியில் ஒரு கிடங்குக்குள் இயங்கியது. பொறுப்பாளர் ஜான் டைக்ஸ்ட்ரா. மாதிரி செய்யும் பிரிவின் தலைவர் கிராண்ட் மெக்யூன். கடையில் விற்கும் டாங்கி, போர்க்கப்பல், விமான பிளாஸ்டிக் கிட்டுகளை வாங்கி உடைத்து, அந்தத் துண்டுகளை வெள்ளைப் பரப்பின் மேல் நெருக்கமாக ஒட்டினார்கள். கண் எங்கே போனாலும் ஏதோ ஒரு குழாய், ஏதோ ஒரு மூடி. கப்பல் மாதிரி அசையாமல் நிற்க, எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் கேமரா அதைக் கடந்து போனது. ஒரே அசைவை எத்தனை முறை வேண்டுமானாலும் பிசகாமல் திரும்பச் செய்தது. டைக்ஸ்ட்ராவின் பெயரையே அந்தக் கேமராவுக்கும் வைத்தார்கள்.

திரையில் மலையளவு நீளும் அந்த ஸ்டார் டெஸ்ட்ராயர் மாதிரியின் நீளம் சுமார் 90 சென்டிமீட்டர். அது துரத்தும் டான்டிவ் ஃபோரின் மாதிரி அதைப்போல் இரண்டு மடங்கு. காரணம் இருக்கிறது. டான்டிவ் ஃபோர் முதலில் ஹான் சோலோவின் கப்பலாகச் செய்யப்பட்டது. அதன் உருவம் ‘ஸ்பேஸ்: 1999’ என்ற தொலைக்காட்சித் தொடரின் கப்பலைப்போல இருந்ததால் லூகாஸ் அதை ஒதுக்கிவைத்துவிட்டு, சோலோவுக்குப் புதிதாக மில்லெனியம் ஃபால்கனைச் செய்யவைத்தார். ஒதுக்கிய மாதிரியை வீணாக்காமல் இளவரசிக்குக் கொடுத்தார்கள். சிறிய கப்பல் பெரிதாகவும் பெரிய கப்பல் சிறிதாகவும் மேசைமேல் இருந்ததை எந்தப் பார்வையாளரும் கண்டுபிடிக்கவில்லை. டெத் ஸ்டாரின் நடுவில் ஓடும் பள்ளத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஆரம்ப மாதிரிகளைச் செய்த காலின் கேன்ட்வெல், உருண்டையின் இரண்டு அரைக்கோளங்களும் சேரும் இடத்தில் சுருங்கிப் பள்ளம் விழுந்ததாகவும், அதையே அகழியாக வைத்துக்கொள்ளலாம் என்று தான் யோசனை சொன்னதாகவும் பின்னாளில் விளக்கினார். லூக் ஸ்கைவாக்கர் பாய்ந்து போனது அப்படிப்பட்ட அகழிக்குள்தான்.

வேடரின் தலைமைக் கப்பல் எக்ஸிக்யூட்டரின் நீளம் குறித்து நடந்த வாதம் தனி வரலாறு. 1987-லிருந்து வெஸ்ட் எண்ட் கேம்ஸ் வெளியிட்ட விளையாட்டு நூல்கள் 8 கிலோமீட்டர் என்றன. பிறகு 12.8 என்று ஒரு கணக்கு வந்தது. படச்சட்டங்களை அளவெடுத்த வானியற்பியலாளர் கர்டிஸ் சாக்ஸ்டன், ஸ்டார் டெஸ்ட்ராயரைப்போல் அது ஏறத்தாழ பதினோரு மடங்கு நீளம் என்று ஆதாரத்தோடு எழுதினார். இன்றைய அதிகாரபூர்வ அளவு 19 கிலோமீட்டர். ரசிகர்களின் வீண்வேலை என்று இதைத் தள்ளுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இல்லாத கப்பலை அளவுகோல் வைத்து அளந்து, தவறென்றால் திருத்தவும் வைத்த அந்தப் பிடிவாதம்தான் இந்தக் கற்பனைக்கு வரலாற்றின் கனத்தைக் கொடுத்திருக்கிறது.

*

1977-ல் எழுந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க 39 ஆண்டுகள் ஆயின. நிலவளவு பெரிய டெத் ஸ்டாரை, இரண்டு மீட்டர் அகலமுள்ள ஒரு வெப்பவெளியேற்றுத் துளைக்குள் போட்ட குண்டு எப்படி அழித்தது? இத்தனை பெரிய பேரரசின் பொறியாளர்கள் இவ்வளவு அசட்டையாகவா இருப்பார்கள்? ரசிகர்கள் இதைக் கிண்டலாகவே பேசிவந்தார்கள். இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கின் காட்சிக் கலைஞர் ஜான் நோல், டெத் ஸ்டார் வரைபடங்களைத் திருடியவர்களின் கதையைப் படமாக்கலாம் என்று யோசனை சொன்னார். அதிலிருந்து உருவானது 2016 டிசம்பரில் வந்த ‘ரோக் ஒன்’. இயக்கம் கேரத் எட்வர்ட்ஸ். பதில் அதில் இருந்தது: பலவீனத்தைத் திட்டமிட்டே வைத்தவர் அதை வடிவமைத்த விஞ்ஞானி கேலன் எர்ஸோ.

கேலன் கைபர் படிகங்களை ஆராய்ந்தவர். ஜெடாய்களின் ஒளிவாளுக்குள் இருக்கும் அதே படிகம். அதன் ஆற்றலை வெளிக்கொணர்ந்தால் ஏழைக் கிரகங்களுக்கு மின்சாரம் கொடுக்கலாம் என்பது அவர் கனவு. ஜேம்ஸ் லுசீனோ 2016-ல் எழுதிய ‘கேட்டலிஸ்ட்’ நாவல் இந்தக் காலகட்டத்தைச் சொல்கிறது. பழைய நண்பன் ஆர்சன் க்ரென்னிக் ஆய்வகமும் பணமும் கொண்டுவந்து கொட்டுகிறான். ஆராய்ச்சி எங்கே போய்ச் சேர்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. முதலில் சந்தேகப்படுபவர் மனைவி லைரா. குடும்பம் தப்பியோடி லாமு என்ற ஈரமண் கிரகத்தில் விவசாயம் செய்து பிழைக்கிறது. க்ரென்னிக் அங்கேயும் வந்துசேர்கிறான். லைரா சுட்டுக் கொல்லப்படுகிறார். சிறுமி ஜின் பாறைக்கடியில் ஒளிந்துகொள்கிறாள். கேலனைப் பிடித்துப்போய், மழை ஓயாத ஈடூ கிரகத்தின் ஆய்வகத்தில் வைக்கிறார்கள்.

கேலன் மகளுக்கு அனுப்பிய செய்தியில் தன் முடிவுக்கான காரணத்தைச் சொல்கிறார். தான் மறுத்தாலும் வேறு யாரையாவது வைத்து அவர்கள் அதைக் கட்டி முடித்திருப்பார்கள். அதனால் தான் இல்லாமல் வேலை நடக்காது என்ற நிலையை உண்டாக்கிக்கொண்டு, உலையை நிலையற்றதாக வடிவமைத்தார். அழுத்தத்தோடு ஒரு வெடிப்பு உலையைத் தொட்டால் மொத்த நிலையமும் சிதறும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. படம் கேலனின் பொறி என்று சொல்வது வெளியேற்றுத் துளையை அல்ல, உலையை. அந்த உலைக்கு எந்த வழியாகப் போவது என்று தெரியத்தான் வரைபடம் தேவைப்பட்டது. செய்தியைச் சுமந்து வந்தவரும் உள்ளே வேலை பார்த்தவர்தான்: பேரரசின் சரக்குக் கப்பல் விமானி போதி ரூக். கேலனைக் கொன்றதோ கிளர்ச்சிக்காரர்களின் குண்டு. அவர் யார் பக்கம் நிற்கிறார் என்று உறுதியாகத் தெரியுமுன்பே ஈடூ மீது விமானத் தாக்குதல் நடந்துவிட்டது. இந்தப் படத்தை நான் மதிப்பதற்கு இது ஒரு காரணம். நல்லவர்களின் அவசரத்துக்கும் அது கணக்குக் கேட்கிறது.

விஞ்ஞானிகளுக்குக் கீழே இன்னோர் அடுக்கு இருந்தது. அதைக் காட்டியது 2022-ல் வந்த ‘ஆண்டோர்’ தொடர். நார்கினா ஃபைவ் நீர்ப்பரப்பின் நடுவே நிற்கும் சிறைத் தொழிற்சாலை. ஒரு மேசைக்கு ஏழு பேர், ஓர் அறைக்கு ஏழு மேசை, ஒரு தளத்துக்கு ஏழு அறை, மொத்தம் ஏழு தளம். கைதிகளுக்குச் செருப்பு இல்லை. தரை முழுக்க உலோகம். காவலன் பொத்தானைத் தொட்டால் தரையில் மின்சாரம் பாயும். சுவர்களைவிட இந்தத் தரையை நம்பித்தான் அந்தச் சிறை இயங்குகிறது. ஒவ்வொரு ஷிப்ட்டும் பன்னிரண்டு மணி நேரம். அதிகம் செய்யும் மேசைக்குச் சாப்பாட்டில் சுவை சேரும், குறைவாகச் செய்யும் மேசைக்கு மின்னதிர்ச்சி. என்ன செய்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆறு கால்கள் விரிந்ததுபோல ஓர் உலோகப் பாகத்தை அடுக்கி, முறுக்கி, மேலே அனுப்புகிறார்கள். எந்தக் குற்றமும் செய்யாமல் தெருவில் பிடிபட்டு ஆறு ஆண்டு தண்டனை பெற்ற கேஸியன் ஆண்டோரும் அதைத்தான் செய்கிறான்.

விடுதலையான ஒருவனை வீட்டுக்கு அனுப்பாமல் இன்னொரு தளத்தில் மறுபடி வேலைக்கு இறக்கியது தெரிந்துபோய், அந்தத் தளமே கொந்தளிக்கிறது. அங்கிருந்த அத்தனை பேரையும் மின்சாரம் பாய்ச்சிக் கொல்கிறார்கள். செய்தி மற்றத் தளங்களுக்குக் கைச்சைகையில் பரவுகிறது. தண்டனை முடியப்போகும் நாளை எண்ணிக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் கினோ லோய்தான் கடைசியில் எல்லாத் தளங்களையும் எழுப்பி வெளியேற்றுகிறார். ஆயிரக்கணக்கானவர்கள் தண்ணீரில் குதிக்கிறார்கள். அவர் மட்டும் விளிம்பில் நிற்கிறார். அவருக்கு நீச்சல் தெரியாது. அந்தப் பருவத்தின் இறுதியில், எழுத்துகள் ஓடி முடிந்த பின், இயந்திரங்கள் அந்த ஆறுகால் பாகங்களை ஒரு பிரம்மாண்டக் கிண்ணத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்துகின்றன. அது டெத் ஸ்டாரின் சுடும் கண். கேஸியன் தன் கையால் முறுக்கிய பாகங்கள் சேர்ந்த ஆயுதமே சில ஆண்டுகளில் ஸ்கேரிஃப் கடற்கரையில் அவன் உயிரைக் குடித்தது.

2025-ல் வந்த இரண்டாம் பருவம் இந்த இரகசியத்தை இன்னும் அகலமாக விரித்தது. உலைக்கு வேண்டிய ஒரு கனிமத்துக்காக, சிலந்திப் பட்டுக்குப் பேர்போன கோர்மான் கிரகத்தைப் பேரரசு திட்டம்போட்டு அழித்தது. வெளியே சொன்ன காரணம் எரிசக்தித் திட்டம். டெத் ஸ்டார் பற்றிய முதல் முழுத் தகவலைக் கொண்டுவந்தவர், பேரரசின் உளவுத்துறைக்குள்ளேயே வேலை பார்த்த லானி யங். தன் சக அதிகாரி டெட்ரா மீரோவின் கோப்புகளை அவர் படித்துவிட்டிருந்தார். சொல்லி முடித்த பூங்கா பெஞ்சிலேயே, இரகசியம் காக்க, அவரிடம் தகவல் வாங்கிய கிளர்ச்சித் தலைவரே அவரைக் கொன்றுவிடுகிறார். டெட்ரா மீரோ கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் நார்கினாவின் அதே வெள்ளைத் தரை.

*

‘ரோக் ஒன்’ படத்தின் ஸ்கேரிஃப் பேரரசின் ஆவணக் கிடங்கு; டெத் ஸ்டார் வரைபடம் இருந்தது அங்கேதான். வெளிக்காட்சிகளை மாலத்தீவின் லாமு பவளத்தீவுகளில் படமாக்கினார்கள். தென்னையும் நீலக் காயலுமாக, போருக்குக் கொஞ்சமும் ஒவ்வாத இடம். கிரகம் முழுவதையும் கேடயம் மூடியிருக்க, உள்ளே வர ஒரே வாசல். அதையும் வானில் ஒரு நிலையம் காவல் காக்கிறது. கோபுரத்துக்குள் ஆயிரக்கணக்கான தகவல் பேழைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. எந்தப் பேழை என்று தெரியவேண்டும். திட்டப்பெயர்களின் பட்டியலில் ‘ஸ்டார்டஸ்ட்’ வந்ததும் ஜின் நிறுத்தச் சொல்கிறாள். அப்பா அவளைக் கூப்பிட்ட செல்லப்பெயர் அது. யாரும் எட்டமுடியாத பாதுகாப்புப் பெட்டகத்தின் பூட்டுக்கு ஓர் அப்பா தன் மகளுக்கு மட்டும் தெரிந்த சாவியை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

வானில் நடந்த சண்டையில் இரண்டு கப்பல்களைச் சொல்லியாக வேண்டும். தளபதி ராடஸின் ப்ரொஃபண்டிட்டி போர்க்கப்பலாகக் கட்டப்பட்டதே அல்ல. மான் காலா கிரகத்தின் கடலடி நகரம் ஒன்றின் நிர்வாகக் கட்டடம். பேரரசு வந்தபோது அந்த மக்கள் கட்டடத்தையே பெயர்த்துக்கொண்டு விண்ணுக்குப் போனார்கள். இன்னொன்று லைட்மேக்கர் என்ற சிறு கப்பல், சுத்தியல் முகம் கொண்டது. குண்டுவீச்சில் மின்சாரம் இழந்து செயலற்றுக் கிடந்த ஒரு ஸ்டார் டெஸ்ட்ராயரின் விலாவில் அது முட்டி, எந்திரத்தை முழுவேகத்தில் முடுக்கித் தள்ளுகிறது. அந்த 1,600 மீட்டர் ஆப்பு இன்னோர் ஆப்பின் மேல் சாய்கிறது. இரண்டும் அறுபட்டு வாசல் நிலையத்தின் மேல் விழ, கேடயம் உடைகிறது, வரைபடம் வெளியே பாய்கிறது. அச்சுறுத்துவதற்கென்றே அத்தனை பெரிதாகக் கட்டிய கப்பலின் எடையே பேரரசின் கதவை உடைத்தது. டார்கின் தன் ஆவணக் கிடங்கைத் தானே டெத் ஸ்டாரால் சுட்டு எரித்தார். அதற்குள் அந்தத் தரவுகள் டான்டிவ் ஃபோரில் ஏறிவிட்டன. மீதியை 1977 படம் முன்பே சொல்லிவிட்டது.

*

இத்தனையும் எழுதப்படுவதற்கு இருபது ஆண்டுக்கு மேல் முந்தியே இதே கேள்விக்கு வேறொரு பதில் இருந்தது. இளைய வாசகர்கள் பலருக்கு அது தெரியாது. அதைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க மனம் வரவில்லை. 1994-ல் கெவின் ஜே. ஆண்டர்சன் எழுதிய ‘ஜெடாய் சர்ச்’ நாவலில், கெஸெல் கிரகத்தின் அருகே கருந்துளைகள் கூட்டமாகச் சுழலும் இடத்தின் நடுவே டார்கின் ஓர் ஆய்வுநிலையத்தை ஒளித்துவைக்கிறார். பெயர் ‘மாவ்’. உள்ளே போகும் பாதை தெரியாதவர்களைக் கருந்துளை விழுங்கிவிடும். காவலுக்கு தளபதி டாலாவும் நான்கு ஸ்டார் டெஸ்ட்ராயர்களும். டார்கின் செத்து ஆண்டுகள் ஆகியும் அந்தச் செய்தி உள்ளே வரவில்லை. பேரரசர் செத்ததும் தெரியாது. கெஸெல் சுரங்கத்திலிருந்து தப்பி வழிதவறி உள்ளே வந்த ஹான் சோலோவை விசாரித்தபோதுதான் டாலாவுக்கு உலகம் மாறியதே தெரிகிறது.

அங்கே இருந்தவர் க்வீ ஸக்ஸ் என்ற விஞ்ஞானி. டெத் ஸ்டாரின் வடிவமைப்பில் பங்குகொண்டவர். செத்த கிரகங்களை உடைத்துக் கனிமம் எடுக்க ஒரு கருவி செய்கிறோம் என்று அவரை நம்பவைத்திருந்தார்கள். நட்சத்திரத்தையே வெடிக்கவைக்கும் சன் க்ரஷர் என்ற சிறு கப்பலையும் அவர் செய்து முடித்திருந்தார். தன் கணக்குகள் எதற்குப் பயன்பட்டன என்று ஹான் சோலோவிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பின், அந்தக் கப்பலிலேயே கைதிகளோடு தப்பித்து வருகிறார். கேலனுக்கு மூத்தவர் க்வீ என்பேன். கேலன் தெரிந்தே உள்ளே இருந்து எதிர்த்தவர். க்வீயோ அறியாமையிலேயே வளர்க்கப்பட்டவர், அறிந்தபின் ஒரு நாளும் அங்கே இருக்க மறுத்தவர். மனித இயல்புக்கு க்வீயின் கதை இன்னும் நெருக்கமானது என்பது என் எண்ணம். வெற்றிபெற்ற புதிய குடியரசு சன் க்ரஷரை என்ன செய்வதென்று கூடிப் பேசி, வாயுக்கோளமான யாவினின் ஆழத்தில் அதை அமிழ்த்திவிடுகிறது. கிப் டுரான் என்ற இளைஞன் அதை வெளியே எடுத்து, ஒரு சூரியனையே வெடிக்கச் செய்து, பேரரசின் பயிற்சிக் கிரகமான காரிடாவை அழிக்கிறான். க்வீயின் மூளையிலிருந்து அந்த ஆயுதம் பற்றிய நினைவையும் துடைத்துவிடுகிறான். நல்லவர்கள் கையில் வந்த இரகசிய ஆயுதமும் ஆயுதமாகத்தான் இருந்தது.

டான்டிஸ் மலையும் நாவலில் பிறந்ததுதான். டிமதி ஸான் 1991-ல் எழுதிய ‘ஏர் டு த எம்பயர்’ அதைப் பேரரசரின் இரகசியக் களஞ்சியமாக அறிமுகப்படுத்தியது. தளபதி த்ரான் அங்கே க்ளோன் உருளைகளைக் கண்டெடுத்தார். அடுத்த நாவலில், காணாமல் போயிருந்த கடானா கடற்படையின் 200 கப்பல்களைத் தேடிப் போட்டி நடந்தது. ஆள்செலவைக் குறைக்க ஒன்றோடொன்று கட்டுப்பாட்டில் இணைக்கப்பட்ட கப்பல்கள் அவை. ஒரு வைரஸ் நோயில் மாலுமிகள் புத்தி பேதலித்து ஒளிவேகத்தில் பாய, 200 கப்பல்களும் சேர்ந்தே மறைந்துபோயிருந்தன. அவற்றில் பெரும்பகுதியை முந்திக்கொண்டு கைப்பற்றிய த்ரானிடம், ஏற்றுவதற்கு ஆட்களும் இருந்தார்கள், டான்டிஸ் உருளைகளிலிருந்து. இரகசிய நிலையத்தையும் போர்க்கப்பலையும் இவ்வளவு கச்சிதமாகக் கோத்த கதை இந்த மொத்த மண்டலத்திலும் வேறில்லை.

டிஸ்னி 2012-ல் லூகாஸ்ஃபிலிமை வாங்கிய பின், 2014 ஏப்ரல் 25 அன்று இந்த நாவல்கள் எல்லாம் ‘லெஜண்ட்ஸ்’ என்ற தனிப் பெயரில் அதிகாரபூர்வ வரலாற்றிலிருந்து பிரிக்கப்பட்டன. த்ரான் 2016-ல் திரும்ப வந்தார். டான்டிஸ் மலை ‘பேட் பேட்ச்’ வழியாக வந்தது. க்வீ ஸக்ஸ் இன்னும் வரவில்லை. வரவேண்டும் என்று விரும்புகிறேன்.

அடுத்த பகுதியில் எண்டோர். பால்பட்டீன் இந்த முறை இரண்டாவது டெத் ஸ்டாரின் இருப்பிடத்தைத் தானே கிளர்ச்சிக்காரர்களின் காதுக்குப் போகவிட்டார். அந்தத் தகவலைப் பெற உயிர்விட்ட பாதன் இன உளவாளிகளுக்கும் அது தூண்டில் என்று தெரியாது.